நாற்பத்து மூன்று கோல் ஹமீது

கண்டி கொழும்புத் தெருவில் துணிக்கடை வைத்திருந்த சாஹுல் ஹமீது, பால்காரன் ஊற்றிய பாலை மூன்று தரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் அனுப்புவார். முதல் தரம் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று. இரண்டாம் தரம் நேற்றைய பாலா என்று. மூன்றாம் தரம் எதற்கு முதலாளி என்று கேட்ட பால்காரன் மறுநாளிலிருந்து அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. அவன் வராமல் போனதுதான் அவன் கள்ளன் என்பதற்குச் சாட்சி என்று ஹமீது அடித்துச் சொன்னார். தபால்காரன் சிரித்தால் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டான் என்பார். சிரிக்காவிட்டால் கெட்ட செய்தியைப் படித்துவிட்டு மறைக்கிறான் என்பார். இந்த மனிதரோடு என்னத்தைப் பேசுவது, நீங்களே சொல்லுங்கள்.

ஆனாலும் ஊரில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. அது துணியால் வந்ததல்ல, ஹொக்கியால் வந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தைந்தில், கெட்டம்பையில் மகாவலி ஓரத்துப் புல்வெளியில் ஆடிய பிறை ஹொக்கிக் கிளப், ஒரே பருவத்தில் நூறு கோலுக்கு மேல் அடித்துத் தள்ளியது. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் குழு வந்தது, வாங்கிக் கட்டிக்கொண்டு போனது. கம்பளைக் குழு வந்தது, அதற்கும் அதே கதி. அந்த நூற்றுச் சொச்சத்தில் நாற்பத்து மூன்று சாஹுல் ஹமீதின் மட்டையிலிருந்து போனவை. அன்றிலிருந்து அவருக்குப் பெயரே நாற்பத்து மூன்று கோல் ஹமீது. பள்ளிவாசல் திண்டில் உட்கார்ந்தாலும் அந்தப் பெயர், கலியாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் அந்தப் பெயர். அவரும் அதைக் காதில் விழாததுபோல் கேட்டுக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

அந்த நாற்பத்து மூன்றில் வெளியூரில் போய் அடித்தவை ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும் என்பதை மட்டும் யாரும் அவர் முன்னால் சொல்வதில்லை. சொன்னால், மாத்தளை அம்பயர் எப்படிப்பட்டவன், கொழும்பு அம்பயர் யாருடைய வீட்டில் சோறு தின்றான் என்றெல்லாம் கேட்க வேண்டி வரும். கேட்டுக்கொண்டு நிற்க யாருக்கு நேரம்?

அந்தக் காலத்தில் கிளப்பிடம் அளவு நாடாவெல்லாம் கிடையாது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட ஹமீது தன் கடையின் கஜக்கம்பைத்தான் கொண்டுபோனார். கஜக்கம்பு என்றால் துணி அளக்கிற கம்பு, ஒரு கஜ நீளம். கருங்காலியில் கடைந்து இரண்டு முனையிலும் பித்தளைப் பூண் போட்டது. அதைச் செய்வித்தவர் அவருடைய வாப்பா மீராலெப்பை ஹாஜியார். அந்தக் கம்பால் அளந்த துணி என்றால் தெல்தெனியவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து வாங்குவார்கள். அளவில் ஒரு நூல் குறையாது என்று சிங்களவரும் சொல்வார்கள், தமிழரும் சொல்வார்கள். கோடு போடுவதற்கு அதை மகன் கேட்டபோது ஹாஜியார் தயங்கினார். "விளையாட்டுக்கு இது சரிவராது மகன், வேற என்னத்தாலயாவது அளங்க" என்றார். தான் ஹொக்கி ஆடுவது வாப்பாவுக்குப் பிடிக்கவில்லை, அதுதான் சாக்குச் சொல்கிறார் என்று ஹமீது நினைத்துக்கொண்டார். சொந்த வாப்பாவையே அப்படி நினைத்த ஆள்.

கோடு போட்டபோது சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவன் நஸீம். ஹமீதின் மனைவி ரபீகாவுக்கு ஒரே தம்பி. கடையில் துணி கிழிப்பவனும் அவன்தான், மைதானத்தில் ஹமீதின் இடது பக்கத்தில் ஓடியவனும் அவன்தான். அந்த நாற்பத்து மூன்றில் பாதிக்கு மேல் நஸீம் தள்ளிக் கொடுத்த பந்துகள். ஹமீது அதை மறுத்ததில்லை. மறுக்கிற அளவுக்கு மோசமானவர் அல்ல அவர். சந்தேகம் என்ற ஒரு வியாதிதான்.

மறு வருடம் ஹாஜியார் மௌத்தானார். கடை ஹமீதின் கைக்கு வந்தது. ஹாஜியார் கொழும்பிலிருந்து பேல் பேலாகக் கட்டி வருகிற துணியை ஒருநாளும் அளந்து பார்த்தவரல்ல. ஹமீது அளந்தார். நாற்பது கஜம் என்று எழுதி வந்த துணி முப்பத்தேழு கஜம்தான் இருந்தது. அடுத்த பேலை அளந்தார்; அதுவும் அப்படி. ஒரு மாதம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். வந்த துணி எல்லாவற்றிலும் ஒரே கணக்காகக் குறைந்தது.

கொழும்பு முதலாளிக்கு எழுதிக் கேட்டார். அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு பதில் போட்டார். அப்படியானால் களவு கடைக்குள்தான் நடக்கிறது. ஒரு முழம் கூடாமல் ஒரு முழம் குறையாமல் அளவாகத் திருடுகிறவன் யார்? ஒழுங்கான ஆள். கடையில் ஒழுங்கான ஆள் யார்? நஸீம். துணியை மடித்தால் ஓரத்தோடு ஓரம் சேரும், சட்டைப் பொத்தான் ஒன்றுகூடத் திறந்திருக்காது. ஹமீதுக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

சனங்கள் நிறைந்த கடையில், பெருநாள் வியாபாரம் நடந்துகொண்டிருந்தபோது, "துணிய எங்க கொண்டு விக்கிற?" என்று கேட்டார். நஸீம் முதலில் சிரித்தான், மச்சான் பகிடி விடுகிறார் என்று. பிறகு கையிலிருந்த கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தான். "நான் எடுக்கல்ல மச்சான்" என்று ஒரு தரம் சொன்னான். இரண்டாம் தரம் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனவன் பத்து வருடமாக அந்தப் படி ஏறவில்லை. அவனுக்குப் பேசி வைத்திருந்த கலியாணமும் அந்தப் பேச்சால் கலைந்து, பல வருடம் கழித்துக் கட்டுக்கலையில் ஒரு ஏழைப் பெண்ணை முடித்தான்.

அவன் போன பிறகும் பேல்களில் துணி குறைந்துகொண்டுதான் இருந்தது. வேறொருவராக இருந்தால் அங்கேயாவது நின்று யோசித்திருப்பார். ஹமீது, மற்ற வேலையாட்களுக்கும் களவைப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறான் என்றார். இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தினார். அதன்பின் தானே தனியாகக் கடையில் நின்றார். அப்போதும் குறைந்தது. எலி என்றார்.

இனி முப்பத்தாறுக்கு வருவோம். கிளப்புக்குப் புதிய செயலாளர் வந்திருந்தார், மஹ்மூத் என்று, புறக்டர் கந்தோரில், அதாவது வக்கீல் அலுவலகத்தில், கிளார்க். அவர் வந்து மைதானத்தைத் திருத்தி, ஆற்று வெள்ளத்தில் சாய்ந்துபோன பழைய கோல் கம்பங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக நட்டார். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளவும் பையன்களைப் பழக்கவும் நஸீமை வைத்தார். நஸீம் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திய ஆள்தான் காளிமுத்து.

காளிமுத்து கம்பளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. துரை பங்களாவில் வேலை செய்தபோது துரையோடு புல்வெளியில் பந்து தட்டிப் பழகியவன், பிறகு கண்டி ரயில் குட்ஷெட்டில் மூட்டை தூக்க வந்தவன். அவன் சென்டர் போர்வர்டில் நின்றதும் கோல் மழை தொடங்கியது. ஏழுக்கு ஒன்று, ஒன்பதுக்குப் பூச்சியம் என்று ஒவ்வொரு ஞாயிறும் கணக்கு வந்தது. இரண்டு ஆட்டம் பாக்கி இருக்கும்போது காளிமுத்துவின் தனிக்கணக்கு நாற்பத்தொன்று.

கொழும்புத் தெருத் தேத்தண்ணிக் கடைகளில் வேறு பேச்சே இல்லை. "அந்தக் காலத்துப் பந்து கல்லு மாதிரி, ஹமீது நானா அடிச்சா அடிதான்" என்று அவரை நானா, அதாவது அண்ணன், என்று மதிக்கிற ஒருவர் சொல்வார். "கல்லு மாதிரி இருந்தா நேராத்தானே போகும், இப்ப உள்ளதத் திருப்பி அடிச்சுக் காட்டட்டும்" என்று மற்றவர் சொல்வார். அன்றைக்குப் புல் வெட்டவில்லை, இன்றைக்கு மேசை மாதிரி இருக்கிறது. அன்றைக்குக் கோல் காத்தவர்கள் தூங்குமூஞ்சிகள், இன்றைக்கு உள்ளவர்கள் புலிகள். ஹமீது ஓடவே மாட்டார், நின்ற இடத்தில் நின்று வெளுப்பார், காளிமுத்து மான் மாதிரி ஓடுகிறான். வெறுந்தேத்தண்ணி ஆறிப்போகிற வரைக்கும் அடித்துக்கொள்வார்கள். ஹமீது உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். முன்பெல்லாம் அவர் வந்தால் பேச்சு கூடும், இப்போது நிற்கிறது. அந்த வித்தியாசம் அவர் மூக்குக்கு உடனே எட்டியது.

ஒருவன் இவ்வளவு கோல் அடிக்கிறான் என்றால் எங்கேயோ ஒரு திருகுதாளம் இருக்க வேண்டும். முதலில் மட்டையைச் சந்தேகித்தார். ஆள் விட்டுத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். சாதாரண மட்டை. எதிர்க்குழுவுக்குக் கோழிப் புரியாணி போகிறதா என்று விசாரித்தார். போகவில்லை. கடைசியில் ஒரு பின்னேரம், மைதானத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தானே போய் வட்டத்துக்குள் நின்றார்.

ஹொக்கியில் கோலுக்கு முன்னால் ஓர் அரைவட்டக் கோடு உண்டு. கோல் கம்பத்திலிருந்து பதினைந்து கஜம். அந்தக் கோட்டுக்குள் நின்று அடித்தால்தான் கோல். வெளியே நின்று அடித்து உள்ளே போனாலும் செல்லாது. ஹமீது அந்தக் கோட்டின் ஓரத்தில், தான் வழக்கமாக நின்று அடிக்கிற மூலையில் போய்க் காலை அகட்டி நின்றார். கோலைப் பார்த்தார். இது அவருடைய வட்டம் அல்ல. காலுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. எது எப்படி மாறியிருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் மாறியிருக்கிறது, சத்தியமாக மாறியிருக்கிறது. கோடு போடுகிறவன் யார்? நஸீம். தன் பெயரை அழிப்பதற்காக நஸீம் வட்டத்தைப் பெரிதாக்கிக் கீறி, அந்த ரயில்வேக்காரனைத் தூரத்தில் நின்றே அடிக்க விடுகிறான். பத்து வருடம் காத்திருந்து பழி வாங்குகிறான். எல்லாம் அவ்வளவு சுத்தமாகப் பொருந்தியது.

அன்றைக்கே மஹ்மூதிடம் போனார். மஹ்மூத் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஹமீது நானா, நஸீம் இரும்பு நாடாவால அளந்துதானே கோடு போடுறார்."

"அந்த நாடா எங்கால வந்த?"

"ரயில்வேல காளிமுத்து கேட்டு வாங்கிட்டு வந்த."

"ஆ, காளிமுத்து" என்றார் ஹமீது. "அவன் கொண்டு வந்த நாடா, இவன் போட்ட கோடு. நல்லா ஈக்கிது மஹ்மூத். எங்கட கடைக் கம்பால அளப்பம். அதுல பிழை சொல்ல கண்டியில ஆள் ஈக்கிதா?"

இல்லை என்று மஹ்மூதுக்கும் தெரியும். அவருடைய உம்மாவே அந்தக் கடையில்தான் துணி எடுப்பாள். யோசித்துப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆட்டத்துக்கு முன்னால், எல்லார் முன்னிலும் அளப்பதென்று சொன்னார். வட்டம் பெரிது என்று கண்டால் இந்தப் பருவத்தில் இங்கே அடித்த கோல் ஒன்றும் செல்லாது, நஸீமுக்கு வேலையும் இல்லை. சரியாக இருந்தால் ஹமீது நானா வாயை மூடிக்கொண்டு காளிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். ஹமீது சம்மதித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. ரபீகா சோற்றைப் போட்டுவிட்டு வழக்கம்போல் உள்ளே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒருக்கா அவன்ட பேரக் கெடுத்தீங்க" என்றாள். "நான் வாயத் திறக்கல்ல. இப்ப ரெண்டாந் தரம். பொண்டாட்டி புள்ள ஈக்கிற மனிசன். இந்த வேலயும் போனா கண்டியில அவன யாரு வாசல்ல சேப்பாங்க?"

"களவு செய்யாட்டி என்னத்துக்குப் பயம்?"

"அவனுக்குப் பயமில்ல. எனக்குத்தான் பயம். நீங்க தேடினா எப்பிடியும் கண்டுபுடிச்சிடுவீங்க, இல்லாததயும்."

ஹமீது சோற்றைப் பிசைந்தார். ரபீகா இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. அவளுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, தம்பி என்ற பாசம், வேறென்ன என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்றுப் பனி விலகுவதற்கு முன்பே மைதானத்தைச் சுற்றிச் சனம். தேத்தண்ணிக் கடை வாதக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். ஹமீது வெள்ளைச் சாரம், கறுப்புக் கோட்டு, தொப்பி சகிதம், கஜக்கம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். காளிமுத்து அரைக்கால் சட்டையோடு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நஸீம் சற்றுத் தள்ளி நின்றான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. சட்டைப் பொத்தான் எல்லாம் பூட்டியிருந்தது.

கோல் கம்பத்தின் அடியிலிருந்து கோடு வரைக்கும் கயிறு பிடித்தார்கள். ஹமீது குனிந்து, யார் கையையும் தொட விடாமல், கம்பை முனையோடு முனை வைத்து அளந்துகொண்டு போனார். மஹ்மூத் பின்னால் எண்ணிக்கொண்டு வந்தார். பதின்மூன்று வந்தது. பதினாலாவது முறை வைத்த கம்பு கோட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

பதினைந்து இல்லை. பதினாலுகூட முழுசாக இல்லை.

சனம் கழுத்தை நீட்டிக் கம்பின் முனையைப் பார்த்தது. பிறகு பின்னால் நின்ற ஒருவன் சிரித்தான். "வட்டம் சின்னதா ஈக்கிது நானா. காளிமுத்து கஷ்டப்பட்டுல்ல அடிச்சிருக்கான்."

ஹமீது நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. "நேத்து ராவு மாத்திக் கீறிட்டான்" என்றார். "அளக்கப் போறது தெரிஞ்சு சின்னதாக்கிட்டான். கோல அளப்பம். கம்பத்தப் புடுங்கி நட ஏலாதுதானே."

கோல் கம்பங்களுக்கு இடையில் நாலு கஜம் இருக்க வேண்டும். கம்பத்தடியில் புல் வேர்விட்டுப் பிடித்திருந்தது. யாரும் அசைத்ததில்லை என்று குருடனுக்கும் தெரியும். ஹமீது கம்பை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது தரம் கம்பு உள்ளே கொள்ளவில்லை. முனை மறுபக்கத்துக் கம்பத்தில் முட்டியது. அமுக்கிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். பித்தளைப் பூண் மரத்தில் கீறியதுதான் மிச்சம்.

மஹ்மூத் இரும்பு நாடாவை விரித்து வைத்தார். நாடா கோலை நாலு கஜம் என்றது, வட்டத்தைப் பதினைந்து கஜம் என்றது. நாடா ஒன்று சொல்கிறது, கம்பு ஒன்று சொல்கிறது. ஹாஜியார் கடைக் கம்பு பொய் சொல்லுமா? நாடாதான் களவு நாடா என்று இரண்டு மூன்று பேர் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மஹ்மூதின் முகமும் மாறியது. வட்டம் பெரிதோ சின்னதோ, பிழை பிழைதானே என்று அவர் நஸீமைப் பார்த்தார். பத்து வருடத்துக்கு முன் ஒரு தரம் சொன்னவன், இப்போது அந்த ஒரு தரமும் சொல்வதாயில்லை.

அப்போது தையற்கார மூக்கையா முன்னால் வந்தார். காசில் வீதியில் தையல் மெஷின் போட்டிருந்த மனிதர். தூங்கும்போதுகூடக் கழுத்தில் அளவு நாடா கிடக்கும் என்று சொல்வார்கள். "இந்தக் கொழப்பத்துக்கு எதுக்கு இவ்வளவு நேரம்" என்று கழுத்திலிருந்து நாடாவை உருவி, ஹமீதின் கையிலிருந்த கம்பின்மேல் வைத்து விரலால் நீவினார். முப்பத்தாறு அங்குலத்தில் கம்பு முடிய வேண்டும். முடியவில்லை. அதற்கு மேலும் நாலு விரல் அகலம் கம்பு போனது.

"நீளங்க" என்றார் மூக்கையா. "அதான் பார்த்தேன். முதலாளி கடைத் துணியில எப்பவும் ஒரு துண்டு மிஞ்சும். பிள்ளைக்குத் தொப்பி தைக்கலாம். ஒங்க நல்ல மனசுன்னு இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ஹமீது கம்பைப் பார்த்தார். வாப்பாவைப் பற்றி அவருக்குத் தெரியாததா? அளவில் குறைத்தவனுக்கு மறுமையில் என்ன கிடைக்கும் என்று பள்ளியில் கேட்டுவிட்டு வந்து இராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்த மனிதர். கை தவறிக்கூட ஒருவருக்குக் குறைந்துவிடக் கூடாது என்று நாலு விரல் கூட்டிச் செய்வித்திருக்கிறார். சொன்னால் நன்மை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை, மகனிடம்கூட. அளவுகோல்களைச் சோதித்து முத்திரை போட வருகிற அரசாங்க உத்தியோகத்தர் கம்பு குறைகிறதா என்றுதான் பார்ப்பார். கூடுகிறதா என்று பார்த்து அவருக்கு என்ன ஆகப்போகிறது.

மெதுவாகச் சனத்துக்கு விளங்கியது. இருபத்தைந்தில் மைதானம் அளந்தது இந்தக் கம்பால்தான். வட்டம் ஒரு கஜத்துக்கு மேல் பெரிது. கோல் ஓர் அடி அகலம். வெளியூரில் ஏன் கோல் விழவில்லை என்பதும் அதோடு சேர்ந்து விளங்கியது. தேத்தண்ணிக் கடைக்காரர்கள் அங்கேயே வாதத்தைத் தொடங்கினார்கள். நாற்பத்து மூன்றில் பத்தைக் கழிக்க வேண்டும் என்றான் ஒருவன். பாதியைக் கழி என்றான் இன்னொருவன். கோல் அகலம் என்றால் எதிர்க்குழுவுக்கும்தானே அகலம், அவர்கள் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டான் மூன்றாமவன்.

காளிமுத்து மட்டும், "அத விடுங்க, பெரியவர் அடிச்சது அடிச்சதுதான்" என்றான். மனமாரச் சொன்னானா, ஏளனமாகச் சொன்னானா என்று ஹமீதால் கண்டுபிடிக்க முடியவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக, கண்டுபிடிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அவர் நஸீமைப் பார்த்தார். அவனாவது சாட்சி சொல்வான் என்று நினைத்தார். "எங்கட கோல் எல்லாம் தூரத்துலேந்தா அடிச்ச? கிட்டப் போய் அடிச்சதும் ஈக்கிதானே நஸீம். நீ தந்த பந்து எத்தன..."

பத்து வருடத்துக்குப் பிறகு அவன் பெயரைச் சொல்லி அவர் பேசிய முதல் பேச்சு அது. நஸீம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஹமீதுக்கு லேசாக இருந்திருக்கும்.

"கோல விடுங்க மச்சான்" என்றான். "பேல்ல கொறஞ்ச துணி?"

ஹமீது கணக்குப் போட்டார். முப்பத்தொன்பது அங்குலக் கம்பால் நாற்பது கஜத்தை அளந்தால் முப்பத்தேழு வராமல் வேறென்ன வரும். பேலை அளந்தது அவர், எண்ணியது அவர். கொழும்பு முதலாளி திருடவில்லை. நிறுத்திய இரண்டு பேரும் திருடவில்லை. எலி திருடவில்லை. பெருநாள் கூட்டத்துக்கு முன்னால் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுப் போனவன் ஒரு நூல்கூட எடுக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். இத்தனை வருடமாகக் கேள்வி கேட்டே பழகிய வாயில் அந்தச் சொல் வரவில்லை. கம்பைப் புல்லின்மேல் வைத்துவிட்டு நடந்தார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை.

ஆட்டத்துக்கு அவர் நிற்கவில்லை. அன்றைக்குக் காளிமுத்து மூன்று அடித்து நாற்பத்து நாலைத் தொட்டான் என்பது உங்களுக்குச் சொல்வதற்காகச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து முன்னறைக் கதிரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நடுப்பகலில் லுஹர் தொழுதுவிட்டு வந்து ரபீகாவிடம், "உடுத்துக்கிட்டு வாங்க" என்றார். "ஒங்கட தம்பிட ஊட்டுக்குப் போவம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். கையில் ஒரு மூடிய தூக்குச் சட்டி இருந்தது. இந்த அவசரத்தில் எப்போது சமைத்தாள் என்று ஹமீது நினைத்தார், கேட்கவில்லை.

கட்டுக்கலையில் நஸீம் எங்கே குடியிருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. பெரிய வீதியில் நின்று யாரிடமாவது விசாரிக்கலாம் என்று கடைப்பக்கம் திரும்பினார். ரபீகா நிற்கவில்லை. முடுக்கில் இறங்கினாள். கல் படி உடைந்திருந்த இடத்தில் கீழே பார்க்காமலே காலை எட்டி வைத்துக் கடந்தாள். வேலியோரத்தில் கிடந்த நாய் அவளைக் கண்டு வாலை ஆட்டியது. அவரைக் கண்டு குரைத்தது. ஹமீது பின்னால் நடந்தார். ஒரு சந்தேகம் எழுந்தது. ஊரில் எல்லாரையும் சந்தேகித்த மனிதர், இத்தனை வருடமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தவளை ஒருநாளும் சந்தேகிக்கவில்லை என்று அந்த முடுக்கில்தான் அவருக்கு உறைத்தது. எத்தனை தரம் இந்த வழியில் அவள் தனியாக வந்திருப்பாள், எத்தனை தரம் அவருக்குப் பயந்து அவசரமாகத் திரும்பியிருப்பாள் என்று நினைத்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

தகரக் கூரை போட்ட சின்ன வீட்டின் கதவு திறந்தே கிடந்தது. நாலு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பிள்ளை, "மாமி" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து ரபீகாவின் காலைக் கட்டிக்கொண்டது. "ஹிதாயா, சட்டி கொட்டிடும் மகள்" என்றாள் ரபீகா. பிள்ளை தூக்குச் சட்டியை எட்டிப் பார்த்தது, மாமியின் இடுப்பில் ஏறிக்கொண்டது, பிறகுதான் பின்னால் கறுப்புக் கோட்டோடு நின்றவரைக் கண்டது. நஸீமின் கண்ணை அப்படியே வைத்திருந்தது அந்தப் பிள்ளை.

"இவர் யாரு மாமி?" என்று கேட்டது.

கண்டியில் அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் இருக்கிறது என்று ஹமீது நினைத்திருக்கவில்லை. அவர் ரபீகாவைப் பார்த்தார். அவரே சொல்லட்டும் என்று அவள் பிள்ளையை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.